வளவில் ஒரு மூட்டை: வீட்டுக் கண்ணாடி போகும் வழி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

பொங்கல் கழிந்த அடுத்த வாரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் கைநழுவி விழுந்து உடைந்தது. ஊறுகாயோடு சில்லுகளை வாரிப் பழைய செய்தித்தாளில் சுற்றினேன். அன்றைக்கு நறுக்கிய பூசணித் தோல், முருங்கைக் காம்பு கிடந்த பையிலேயே அதையும் போட்டு, இறுகக் கட்டி வாசலில் வைத்தேன். பாதுகாப்பாகத்தான் செய்திருக்கிறோம் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை குப்பை வண்டி வந்தது. மக்கும் குப்பையில் பிளாஸ்டிக் பை கிடக்கக் கூடாது, பிரித்துத்தான் கொட்ட வேண்டும். தூய்மைப் பணியாளர் அம்மா பையைக் கிழித்துக் கையை விட்டார். ரப்பர் கையுறையையும் தாண்டிக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையில் சில்லு இறங்கிவிட்டது. வெட்டு ஒரு பக்கம் என்றால், அதில் இறங்கிய ஊறுகாயின் உப்பும் மிளகாயும் இன்னொரு பக்கம். எங்கள் வீட்டுக் குழாயடியில் அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றதும், கழுவக் கழுவத் தண்ணீர் சிவப்பாகவே ஓடியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று தையல்.

"இது என்ன புதுசா டீச்சர்? தெனமும் யாருக்காவது கை கிழியத்தான் செய்யும். உள்ள என்ன கெடக்குன்னு பைக்கு மேல எழுதியா இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். கண்ணாடி எதனால் ஆனது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே போன கண்ணாடி எங்கே போகிறது என்று ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. அந்தச் சில்லு போயிருக்க வேண்டிய வழியைத் தேடிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

உடைந்த பாட்டில் எங்கே போகும்

இரண்டு வழி. முதலாவது, உலர் குப்பையில் சேர்ந்து, யாரும் பொறுக்கி எடுக்காமல் போனால் மாநகராட்சியின் ராமையன்பட்டிக் கிடங்கு. அங்கே கண்ணாடி சும்மா கிடக்கும். கண்ணாடி மண்ணை நஞ்சாக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல. சாதாரணப் பாட்டில் கண்ணாடி மக்காது, கரையாது, நாறாது. அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் செய்த கண்ணாடி மணிகள் இன்றும் நிறம் மாறாமல் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. கிடங்கில் அது அடைத்துக்கொள்ளும் இடம் நட்டம். அதை உருக்கச் செலவழித்த நெருப்பும் நட்டம்.

இரண்டாவது வழிதான் என்னை உலுக்கியது. மக்கும் குப்பையோடு போகும் சில்லு நுண் உரம் தயாரிக்கும் மையத்துக்குப் போகிறது. அப்படி ஒரு மையத்தில் ஒரு முற்பகல் முழுக்க நின்று பார்த்தேன். வாழையிலை, காய்கறித் தோல், பூமாலை எல்லாம் தொட்டிகளில் மக்குகின்றன. அதற்கு முன் பெண்கள் உட்கார்ந்து கையால் கிளறிப் பொறுக்குகிறார்கள். மக்கி முடிந்ததைச் சலிக்கிறார்கள். பெரிய சில்லு சல்லடையில் நிற்கும், அரிசி அளவுச் சில்லு உரத்தோடு கீழே இறங்கிவிடும். ஒரு பிடி உரத்தை உள்ளங்கையில் வைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புத் தூளுக்கு நடுவே இரண்டு இடத்தில் மின்னியது. ஒன்று பச்சை, மற்றொன்று நிறமில்லாதது.

அந்த உரம் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகிறது. நம் பக்கத்தில் பிசானப் பருவ நெல் நடவு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தொளியில் முழங்கால் வரை இறங்கி, வெறுங்காலோடு, குனிந்து நடுகிற பெண்களுக்குச் சேற்றுக்குள் கண் தெரியாது. ஏற்கெனவே வாய்க்கால் பாலங்களிலும் பம்புசெட்டு ஓரங்களிலும் குடித்துவிட்டு உடைக்கிற பாட்டில்களால் வயற்காட்டில் காலை வைக்கப் பயமாக இருக்கிறது. பாளையங்கால்வாயில் தூர் வாரும்போது சேற்றோடு சில்லும் சேர்ந்து கரையில் விழுகிறது. அதன்மேல் நம் அடுக்களைச் சில்லையும் உரம் என்ற பேரில் அனுப்பலாமா?

கண்ணாடி மறுசுழற்சியின் பயன் என்றால் எல்லோரும் உலையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் அது புறவாசலிலிருந்து தொடங்குகிறது என்பது என் முடிவு. முழுசாக, காய்ந்து, தனியாக வெளியே போகும் பாட்டிலால் ஒரு கை தப்புகிறது, ஒரு வண்டி உரம் சுத்தமாகிறது. உலைக் கணக்கு அதற்குப் பிறகு வருவது.

உலைக்குள் நடப்பது

அந்தக் கணக்கும் சின்னதல்ல. பாட்டில் கண்ணாடியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சிலிக்கா மணல். மீதிக்குச் சோடா உப்பும் (சோடியம் கார்பனேட்) சுண்ணாம்புக்கல்லும் முக்கியம். இவற்றைக் கலந்து 1500 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் உருகிப் பாகாகிறது. அந்த உலையை அணைப்பதே இல்லை. பற்றவைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே கரியமில வாயு இரண்டு வாசல் வழியாக வெளியேறுகிறது. எரிபொருளிலிருந்து வருவது ஒன்று. கல்லுக்குள்ளிருந்தே வருவது மற்றொன்று, இதை யாரும் பேசுவதில்லை. சுண்ணாம்புக் காளவாசல் பார்த்தவர்களுக்கு விளங்கும்: 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சோடா உப்பிலும் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 41 கிலோ இப்படியே போகிறது. புது மூலப்பொருளிலிருந்து ஒரு டன் கண்ணாடி செய்தால், எரிபொருளைச் சேர்க்காமலே 150 முதல் 200 கிலோ வரை வாயு வெளியேறும்.

பழைய கண்ணாடிக்கு இந்த இரண்டாவது வாசல் அடைபட்டுவிடுகிறது. அதில் வெளியேற வேண்டியது முதல் முறை உருகியபோதே வெளியேறிவிட்டது. மறுபடி உருக்கும்போது அது உருகுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கண்ணாடியானது என்பதால் குறைந்த சூட்டிலேயே இளகும். உலையில் போடுவதில் 10 விழுக்காடு பழைய சில்லாக இருந்தால் எரிபொருளில் 2.5 முதல் 3 விழுக்காடு மிச்சம். ஒரு டன் சில்லு ஏறத்தாழ 1.2 டன் மணல், சோடா உப்பு, கல் ஆகியவற்றுக்கு ஈடு. காகிதம்போல ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்குவதும் கிடையாது.

நம் சீமையில் இந்தக் கணக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தாழையூத்துச் சங்கர்நகரில் 1949 முதல் சிமெண்டு ஆலை ஓடுவதே அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். கண்ணாடி உலை கேட்பதும் அதே வகைக் கல்லைத்தான். தூத்துக்குடியில் சோடா உப்பு ஆலை இருக்கிறது. கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, அதையே சோடா உப்பாக்கும் ஏற்பாடு 2016 வாக்கில் அங்கே தொடங்கி உலகச் செய்தியானது. நல்ல வேலைதான். ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலைக்குள் போனால், பாடுபட்டுப் பிடித்த வாயு மறுபடி புகைபோக்கி வழியே போய்விடும். ஒரு பழைய பாட்டில் உள்ளே போனால் அந்த அளவு உப்பே தேவைப்படாது.

மணல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணல் கொள்ளையால் தாமிரபரணி பட்ட பாடு கொஞ்சமல்ல. 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு மணல் அள்ளத் தடை விதிக்கும் அளவுக்குப் போனது. அதனால், பாட்டிலை மறுசுழற்சி செய்தால் ஆற்று மணல் மிஞ்சும் என்று மேடையில் பேசுகிறார்கள். அக்கறையோடு சொல்வதுதான், ஆனாலும் தவறு. பாட்டில் கண்ணாடிக்கு இரும்பு கலவாத சுத்தச் சிலிக்கா மணல் வேண்டும். இரும்பு கொஞ்சம் இருந்தாலும் கண்ணாடி பச்சை பாய்ந்துவிடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பே இரும்புதான், அதுவும் ஆகாது. மிஞ்சுவது வேறு எங்கோ ஒரு ஊரின் சிலிக்கா மணல். அந்த ஊர்க்காரர்களுக்கும் அது தங்கள் நிலம்தானே.

மூட்டை

எங்கள் வளவில், அதாவது ஒரே காம்பவுண்டுக்குள், ஏழு வீடு. சித்திரை முதல் தேதியிலிருந்து எல்லா வீட்டுக் கண்ணாடியையும் ஒரே இடத்தில் சேர்த்தோம். புறவாசலில் முருங்கை மரத்தடியில் ஒரு அரிசிச் சாக்கு முழுப் பாட்டிலுக்கு, மூடி உள்ள ஒரு பழைய பெயிண்ட் வாளி உடைசலுக்கு. மூடியில் சிவப்புப் பெயிண்டால் "சில்லு" என்று என் கையால் எழுதினேன்.

ஆடி முடியும்போது மூன்று சாக்கு. பழைய இரும்புக் கடைத் தராசில் 38 கிலோ. உள்ளே இருந்ததை இனம் பிரித்தபோதுதான் ஏழு வீட்டு வாழ்க்கையும் தெரிந்தது. பாதிக்கு மேல் பழுப்பு நிறத் தைலக் குப்பியும் இருமல் மருந்துக் குப்பியும். வெளிச்சம் பட்டால் கெடும் மருந்துக்காகவே அந்த நிறம். பிறகு காப்பித்தூள், தேன், ஜாம், சாஸ் பாட்டில்கள், கல்யாணப் பரிசாக வந்து உடைந்த குடிநீர்த் தம்ளர்கள். எட்டு மது பாட்டில்களும் இருந்தன. எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடுத்த மாதம் அவை சாக்குக்கு வராமல் வாய்க்காலுக்குப் போயிருக்கும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர் எடுக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிச் செடிக்கு விட்டால் போதும். லேபிளை உரிக்க மெனக்கெட வேண்டாம், அது உலையில் எரிந்துவிடும். மூடியை மட்டும் கட்டாயம் கழற்ற வேண்டும். அலுமினிய மூடி உலைக்குள் போனால் மணலிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் சிலிக்கான் சின்னஞ்சிறு குண்டாகப் புதுப் பாட்டிலின் சுவரில் தங்கும், அந்த இடத்தில் பாட்டில் விரிசல் விடும். பீங்கான் சில்லும் அப்படித்தான். பாட்டில் உருகும் சூட்டில் பீங்கான் உருகாது, கல்லாக நின்றுவிடும். மைக்ரோவேவ் பாத்திரக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, சன்னல் கண்ணாடி எதையும் பாட்டிலோடு சேர்க்கக் கூடாது. பழைய டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. 2016-இன் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகவே வைத்தன. முதல் மாதம் எங்கள் சாக்கிலும் ஒரு உடைந்த பீங்கான் கோப்பை கிடந்தது. பார்த்தால் கண்ணாடி மாதிரியேதான் இருந்தது. விரலால் சுண்டிப் பார்த்துப் பிரித்தோம்.

இனி கணக்கு. 38 கிலோவும் உலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஏறத்தாழ 45 கிலோ மூலப்பொருள் மிச்சம். எரிபொருளும் கல்லும் சேர்த்து டன்னுக்கு 300 கிலோ என்று குறைவாகவே வைத்தாலும், 11 கிலோ கரியமில வாயு தவிர்க்கப்படும். ஐந்து லிட்டர் பெட்ரோல் எரித்தால் வருகிற அளவு அது. ஏழு வீடு, நான்கு மாதம், ஐந்து லிட்டர் பெட்ரோல். இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாநகராட்சிக்கு 55 வார்டு இருக்கிறது, ஒவ்வொரு வார்டிலும் எத்தனை தெரு என்று வாசிப்பவர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

தூரம் இந்தக் கணக்கைத் தின்றுவிடாதா என்று எங்கள் வளவு அண்ணன் ஒருவர் கேட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் விடமாட்டார். நியாயமான கேள்வி. திருநெல்வேலியில் பாட்டில் உலை கிடையாது. சென்னை தூரம், அதாவது 600 கிலோமீட்டர் போவதாக வைப்போம். 12 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் 150 லிட்டர் டீசல், சுமார் 400 கிலோ வாயு. டன்னுக்கு 33 கிலோ. வெறும் லாரியாகத் திரும்பி வந்தாலும் 66 கிலோவைத் தாண்டாது. மிச்சமாகும் 300-இல் அது கால் பங்குக்கும் குறைவு. ஆனால் லாரி நிறைய வேண்டும். பாதி லாரிச் சில்லு அவ்வளவு தூரம் போனால் பயன் சட்டென்று மெலிந்துவிடும். இரண்டு பேரும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் அண்ணன் தன் வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்தார்.

கடைக்காரர் சொன்னது

நெல்லை பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கண்ணாடிக்கு மதிப்பு இல்லை என்பதே உண்மை. இரும்பும் செம்பும் எடை போட்ட கையோடு காசு. கண்ணாடி கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கிடைத்தாலே பெரிது.

"முழு பாட்டில்னா கொண்டாங்க டீச்சர், எடுத்துக்கிடுதேன். உடஞ்சது ரெண்டு கிலோ மூணு கிலோன்னா நான் எங்க கொண்டு வைக்க? ஒரு லோடு சேரணும்லா? அதுவரைக்கும் கடைப் பையன் கால்ல குத்தாம யாரு பாக்க?" என்றார் அண்ணாச்சி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடிக்குக் கனம் அதிகம், விலை குறைவு, இடம் நிறைய வேண்டும். முழுப் பாட்டிலுக்கு மட்டும் வழி இருக்கிறது. தரம் பார்த்துப் பிரித்து, கழுவித் திரும்ப நிரப்புகிறவர்களுக்குப் போகிறது. உருக்குவதை விட இது எவ்வளவோ மேல். கழுவுவதற்குச் சுடுதண்ணீர் போதும், 1500 டிகிரி வேண்டாம்.

நமக்கு இது புதிதும் அல்ல. என் சின்ன வயதில் கோலி சோடா குடித்தால் கடை வாசலிலேயே நின்று குடித்துப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். 'கலர்' என்ற இனிப்புச் சோடா வீட்டுக்கு வேண்டுமென்றால் காலிப் பாட்டிலைக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம். விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் முதல் உள்ளூர் சோடாக் கம்பெனி வரை எல்லோருடைய பெட்டியும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் நிறைந்து வந்து, காலியாகத் திரும்பிப் போகும். கோலி சோடா பாட்டிலே 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது. கனமான கண்ணாடி, கழுத்தில் நெளிவு, உள்ளே கோலி என்று திரும்பத் திரும்ப நிரப்பவே செய்த பொருள். யாரும் சுற்றுச்சூழல் என்று பேசவில்லை. பாட்டிலுக்கு விலை இருந்தது, அதனால் திரும்பி வந்தது.

அந்த விலையை மறுபடி ஒட்டினால் வேலை செய்யும் என்பதற்கு நீலகிரி சாட்சி. காட்டில் உடைந்த மது பாட்டில்கள் யானைக் காலைப் பதம் பார்த்ததால், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு படிப்படியாக வேறு மாவட்டங்களுக்கும் போனது. யானையின் கால் பட்ட வலிக்குக் கிடைத்த அதே ஏற்பாடு, தேன் பாட்டிலுக்கும் சாஸ் பாட்டிலுக்கும் ஏன் இருக்கக் கூடாது? குப்பை அள்ளும் கைக்கு வலிக்காதா? இதை நான் அழுத்திக் கேட்கிறேன்.

சரிப்படாதவை

எல்லாம் நடந்துவிடவில்லை. ஏழு வீட்டில் ஒரு வீடு இன்னும் பாட்டிலை மக்காத குப்பையோடுதான் போடுகிறது. கடைக்குப் போன 38 கிலோவில் முழுப் பாட்டிலை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார், மற்றதை லோடு சேரும் என்ற நம்பிக்கையில் கொல்லையில் கொட்டிவைத்திருக்கிறார். அது உலைக்குப் போகும் நாளில்தான் மேலே போட்ட கணக்கு முழுசாக மெய்யாகும். சில்லு வாளியில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கிறது. நிறைய ஒரு வருடம் ஆகலாம், அதுவரை அது குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

வளவுக்கு ஒரு வாளி என்பதைத் தெருவுக்கு ஒரு பீப்பாய், வார்டுக்கு ஒரு தொட்டி என்று வளர்த்தால்தான் லாரி நிறையும். அது ஏழு வீட்டுக்காரர்களால் ஆகிற காரியமல்ல. எங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கையில் தையல் போட்ட அந்த அம்மா இப்போதும் இதே தெருவுக்குத்தான் வருகிறார். தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. விரலை மடக்கினால் இழுக்கிறது என்கிறார். எங்கள் வளவுப் பையை மட்டும் கையால் துழாவாமல் கவிழ்க்கிறார். போன வாரம் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த தெருவுல கட்டட வேல நடக்கு டீச்சர், பெயிண்ட் வாளி சும்மாதான் கெடக்கு, கேட்டு வாங்கட்டா?" என்றார். இரண்டு வாங்கி வந்தார்.

ஐப்பசி மழைக்கு முன் நான்காவது சாக்கைக் கடையில் சேர்த்துவிட வேண்டும். திறந்த பாட்டிலில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு முட்டையிடும். அதுவரை பாட்டில்களைக் கவிழ்த்து அடுக்கி, மேலே தகரத்தைச் சாய்த்து வைத்திருக்கிறோம்.